ஆபரேஷன் ஏன் தள்ளிப்போகிறது?

கேள்வி: என் அப்பாவுக்கு 59 வயது. எட்டு மாதமாக மலத்தோடு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூலம்தான் என்று மாத்திரையும் களிம்புமாக ஓட்டிவிட்டார். போன மாதம் மயங்கி விழுந்த பிறகு பார்த்தால் ஹீமோகுளோபின் 8.2. குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியில், ஆசனவாயிலிருந்து 6 சென்டிமீட்டர் உயரத்தில் மலக்குடலில் கட்டி. பயாப்சியில் அடினோகார்சினோமா என்ற புற்றுநோய் என்று வந்துவிட்டது. சி.டி.யில் கல்லீரலும் நுரையீரலும் சுத்தம். எம்.ஆர்.ஐ.யில் 'டி3, என்1' என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்து வாரத்துக்கு மேல் ரேடியேஷனும் மாத்திரை கீமோவும், பிறகு சில மாதம் ஊசி கீமோ, அப்புறம்தான் ஆபரேஷன் என்கிறார் டாக்டர். அதுவரை கட்டியை உள்ளேயே வைத்துக்கொண்டு இருப்பதா? உடனே எடுத்துவிடலாம் என்று சொல்லும் வேறொரு சர்ஜனிடம் போகலாமா? பயாப்சி எடுத்ததால் பரவிவிடும் என்கிறார் சித்தப்பா. மலம் சேர வயிற்றில் பை வைப்பார்களா? அப்பாவிடம் இது புற்றுநோய் என்று இன்னும் சொல்லவில்லை. எனக்கு 31 வயது, எனக்கும் வருமா?

பதில்: உங்கள் கடிதத்தில் கேள்விகள் பல இருந்தாலும், எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் பயம் ஒன்றுதான்: கட்டி உள்ளே இருக்க, நாம் சும்மா நாளைக் கடத்துகிறோமோ? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் நாள் வீணானது போன எட்டு மாதத்தில். இனி வரும் மாதங்கள் வீணாகப் போகவில்லை. மலக்குடல் புற்றுநோயில் எவ்வளவு சீக்கிரம் வெட்டினோம் என்பதைவிட, எதை முதலில் செய்தோம், எதை அப்புறம் செய்தோம் என்ற வரிசைதான் பலனைத் தீர்மானிக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் டாக்டர் சொன்ன வரிசை நல்ல வரிசைதான்.

பெருங்குடலில் மேலே எங்காவது கட்டி இருந்து, வேறெங்கும் பரவவில்லை என்றால் பெரும்பாலும் நேராக ஆபரேஷனுக்குப் போய்விடுவோம். வயிற்றுக்குள் இடம் உண்டு. கட்டிக்கு இரண்டு பக்கமும் தாராளமாக விட்டு, இரத்தக் குழாயோடும் நெறிக்கட்டிகளோடும் சேர்த்து எடுத்துவிடலாம். மலக்குடல் அப்படியில்லை. குடலின் கடைசி 15 சென்டிமீட்டர் அது. இடுப்பெலும்புக் கூண்டு புனல்போலக் குறுகும் இடத்தில் இறங்கி நிற்கிறது. ஆண்களுக்கு அதன் முன்னால் சிறுநீர்ப்பையும் பிராஸ்டேட்டும், பின்னால் எலும்பு, இரண்டு பக்கமும் சிறுநீர் கழிக்கவும் தாம்பத்தியத்துக்கும் வேண்டிய நரம்புகள். சர்ஜனுக்கு அங்கே கிடைக்கும் இடைவெளி மில்லிமீட்டர் கணக்குதான்.

1908-இல் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற ஆங்கிலேய சர்ஜன், மலக்குடலையும் ஆசனவாயையும் மொத்தமாக எடுத்துவிட்டு, மலம் போக வயிற்றில் நிரந்தரமாக வழி வைக்கும் முறையை எழுதினார். வெகுகாலம் அதுதான் நடந்தது. அத்தனையையும் எடுத்த பிறகும் இடுப்புக்குள் அதே இடத்தில் கட்டி திரும்பி வருவது நிற்கவில்லை. 1982-இல் பில் ஹீல்ட் என்பவர் இதற்கு ஒரு பதில் கொண்டுவந்தார். மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்புப் பொதி இருக்கிறது. குடலுக்கு உரிய நெறிக்கட்டிகள் பெரும்பாலும் அதற்குள்தான். பொதியைச் சுற்றி மெல்லிய உறை. உறை கிழியாமல் பொதியை முழுசாக எடுத்தால் கட்டி திரும்புவது வெகுவாகக் குறைகிறது. ஆபரேஷன் மேசையில் இதைப் பார்க்க வேண்டும். குடலை மெதுவாக இழுத்துப் பிடித்தால், உறைக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒட்டடை மாதிரி வெள்ளையாக ஒரு படலம் விரியும். அதில் இரத்தம் அநேகமாக வராது. அந்த வழியாகவே இறங்க வேண்டும். உள்பக்கம் தவறினால் நோயின் துணுக்கு தங்கிவிடும். வெளிப்பக்கம் தவறினால் நரம்பு போய்விடும்.

எம்.ஆர்.ஐ. எடுத்ததே இந்த உறையைப் பார்க்கத்தான். படத்தில் கொழுப்பு வெள்ளையாக இருக்கும், உறை பென்சில் கோடுபோல மெல்லிசாகக் கறுப்பாக ஓடும், கட்டி சாம்பல் நிறத்தில் இருக்கும். கட்டியின் ஓரத்துக்கும் அந்தக் கறுப்புக் கோட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று அளப்போம். 1 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ என்றால் எவ்வளவு கைதேர்ந்த சர்ஜனானாலும் ஓரத்தில் நோய் மிச்சமாகும் ஆபத்து உண்டு. 'டி3' என்ற எழுத்தும் எண்ணும் இதைச் சொல்லாது. குடல்சுவரைத் தாண்டி 2 மில்லிமீட்டர் போனாலும் டி3தான், 12 மில்லிமீட்டர் போனாலும் டி3தான். 'என்1' என்பது பக்கத்தில் ஒன்று முதல் மூன்று நெறிக்கட்டிகளில் நோய் இருப்பதாகத் தெரிகிறது என்று அர்த்தம். ஆகவே அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் படத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உறைக்கு எத்தனை மில்லிமீட்டர் தூரம், ஆசனவாய்த் தசைக்கு எவ்வளவு தூரம், சுவருக்கு வெளியே உள்ள இரத்தக் குழாய்க்குள் கட்டி நுழைந்திருக்கிறதா என்ற மூன்றையும் கேளுங்கள். ஸ்டேஜ் எண்ணைக் கேட்டு மனசை வருத்திக்கொள்வதைவிட இந்த மூன்று பதில்கள் உங்களுக்கு உதவும்.

இனி ரேடியேஷன் ஏன் முன்னால்? ஜெர்மனியில் இதையே கேட்டு ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2004-இல் வந்தது. எல்லோருக்கும் ரேடியேஷனும் கீமோவும் ஆபரேஷனும் உண்டு. ஒரு பாதிப் பேருக்கு ரேடியேஷன் ஆபரேஷனுக்கு முன்னால், மறுபாதிக்குப் பின்னால். ஐந்து வருடத்தில் இடுப்புக்குள் நோய் திரும்பியது முன்னால் கொடுத்தவர்களில் 6 சதவீதம், பின்னால் கொடுத்தவர்களில் 13 சதவீதம். பக்கவிளைவும் முன்னால் கொடுத்தவர்களுக்கே குறைவு. உயிர் பிழைத்தோர் கணக்கில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் இடுப்புக்குள் திரும்பும் நோய் எப்படிப்பட்ட வலி தரும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அந்த வித்தியாசத்தைச் சின்னதாக நினைக்க மாட்டார்கள். காரணமும் எளிது. ஆபரேஷனுக்குப் பிறகு காலியான இடத்தில் சிறுகுடல் இறங்கி உட்கார்ந்துவிடும். கதிர் அதன் மேலும் படும். வடுவான திசுவுக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் கதிரின் வேலையும் அங்கே மந்தம்.

ஊசி கீமோவையும் முன்னாலேயே கொடுப்பது இன்னும் புதிய வழக்கம். பெரிய ஆபரேஷன் முடிந்து, புண் ஆறி, பசி திரும்பி, அப்புறம் கீமோ என்றால் கணிசமான பேர் அதை முழுதாக முடிப்பதில்லை. உடம்பில் தெம்பு இருக்கும்போதே கொடுத்துவிட்டால் முடிக்கிறார்கள். 2020-இல் வெளிவந்த ராப்பிடோ ஆய்வில், ஐந்து நாள் ரேடியேஷனுக்குப் பின் கீமோ முழுவதையும் முடித்துவிட்டு ஆபரேஷன் செய்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு எடுத்த குடலில் புற்றணுவே மிச்சமில்லை. பழைய முறையில் அது 14 சதவீதம். ரேடியேஷன் மிஷினை நிறுத்திய அன்றோடு அதன் வேலை நிற்பதுமில்லை. பிறகும் வாரக்கணக்கில் கட்டி சுருங்கிக்கொண்டே போகும். உங்களுக்கு வெறும் காத்திருப்பாகத் தெரியும் வாரங்களில் நடப்பது இதுதான்.

இதிலிருந்து இன்னொரு வாசலும் திறந்தது. பிரேசிலில் ஆஞ்சலிட்டா ஹபர்-காமா என்ற பெண் சர்ஜன், ரேடியேஷனுக்குப் பிறகு கட்டி முழுசாக மறைந்துவிட்ட நோயாளிகளை ஆபரேஷன் செய்யாமலே கண்காணித்து வந்தார். 2004-இல் அதை அவர் வெளியிட்டபோது எங்கள் துறையில் பலர் நம்பவில்லை. நானும் உதட்டைப் பிதுக்கியவன்தான். இன்று அது ஏற்கப்பட்ட வழி. ஆனால் கட்டி மறைந்துவிட்டது என்று வீட்டோடு இருந்துவிடுவதல்ல அது. ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு தடவை விரல் பரிசோதனை, உள்நோக்கி, எம்.ஆர்.ஐ. என்று வந்தே தீர வேண்டும். சுமார் நாலில் ஒருவருக்குக் கட்டி அங்கேயே மறுபடி முளைக்கிறது, பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். அப்போது கண்டுபிடித்தால் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். அப்பாவின் கட்டி 6 சென்டிமீட்டரில் இருப்பதால் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். இப்போதே ஆசை வைத்துவிட வேண்டாம். சிகிச்சை முடிந்த பிறகு எடுக்கும் எம்.ஆர்.ஐ. சொல்லட்டும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. பயாப்சி ரிப்போர்ட்டில் 'எம்.எம்.ஆர்.' அல்லது 'எம்.எஸ்.ஐ.' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ரேடியேஷன் தொடங்கும் முன் அந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே எடுத்த துணுக்கே போதும், மறுபடி எடுக்க வேண்டியதில்லை. உயிரணு பிரியும்போது மரபணு நகலில் வரும் எழுத்துப்பிழைகளைத் திருத்த நம் உடம்பில் நான்கு புரதங்கள் முக்கியமாக வேலை செய்கின்றன. மலக்குடல் கட்டிகளில் ஒரு சிறு பங்கில், பத்தில் ஒன்றுக்கும் குறைவாக, இந்தத் திருத்தும் வேலை கெட்டுப்போயிருக்கும்; நான் சொன்ன பரிசோதனை பார்ப்பது இதைத்தான். அப்படிப்பட்ட கட்டிகளுக்கு வழக்கமான கீமோ அவ்வளவாகப் பிடிக்காது. நோய் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் மருந்து மிக நன்றாகப் பிடிக்கும். 2022-இல் டாஸ்டர்லிமாப் என்ற மருந்தை ஆறு மாதம் கொடுத்து முடித்த முதல் 12 மலக்குடல் நோயாளிகளின் முடிவு வெளிவந்தது. 12 பேருக்கும் கட்டி கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது. கீமோ, ரேடியேஷன், ஆபரேஷன் எதுவும் அவர்களுக்கு அப்போது தேவைப்படவில்லை. அப்பாவின் கட்டி இந்த வகையாக இருக்க வாய்ப்பு குறைவுதான். ஆனால் இருந்து, அதைப் பார்க்காமல் ரேடியேஷனை ஆரம்பித்துவிட்டால் பின்னால் வருத்தம் மிஞ்சும்.

உடனே வெட்டலாம் என்று சொல்லும் சர்ஜனிடம் தாராளமாகப் போய்க் கேளுங்கள். இரண்டாவது கருத்துக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். எம்.ஆர்.ஐ.யைக் கொண்டுபோங்கள். அதைத் திறந்து பார்த்துவிட்டு, உறைக்கு இத்தனை தூரம் இருக்கிறது, அதனால் இப்படி என்று காரணம் சொன்னால் அது பேச வேண்டிய கருத்து. சுவரைத் தாண்டாத, நெறிக்கட்டி வீங்காத ஆரம்பக் கட்டிக்கு நேராக ஆபரேஷன்தான் முறை. சற்று உயரத்தில் உள்ள சில டி3 கட்டிகளுக்கு ரேடியேஷனை விட்டுவிட்டுக் கீமோ மட்டும் கொடுத்துவிட்டு ஆபரேஷன் செய்யலாம் என்றும் 2023-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆக, வழி ஒன்றே ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. படத்தைப் பார்க்காமலே தேதி கொடுத்தால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். வருடத்துக்கு எத்தனை மலக்குடல் ஆபரேஷன் செய்கிறீர்கள் என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். சர்ஜன், ரேடியேஷன் மருத்துவர், கீமோ மருத்துவர், ஸ்கேன் படிப்பவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் இடமாகப் பார்த்துப் போங்கள்.

சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: பயாப்சியால் இது பரவாது. குறடு போன்ற சின்னக் கருவியால் கட்டியின் மேற்பரப்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் துணுக்கு எடுக்கிறோம், அவ்வளவுதான். தினமும் மலம் உரசிப் போகும்போதே அந்தக் கட்டியிலிருந்து அணுக்கள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. பயாப்சி இல்லாமல் வெட்டுவதுதான் ஆபத்து. அதே இடத்தில் வரும் கட்டி லிம்ஃபோமா என்ற நிணநீர் அணுப் புற்றுநோயாக இருக்கலாம், அதற்குப் பெரும்பாலும் கீமோ போதும். ஆசனவாயில் தொடங்கும் செதிள் அணுப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் ரேடியேஷனும் கீமோவுமே குணப்படுத்திவிடும். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரிப் புண்தான்.

ஹீமோகுளோபின் 8.2 என்பதை இப்போதே சரிசெய்ய வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்யும். இரும்பு ஊசி சீக்கிரம் ஏற்றும், மயக்கமும் மூச்சுத்திணறலும் இருந்தால் இரத்தமே ஏற்றலாம். ரேடியேஷன் தொடங்கிச் சில வாரத்தில் கட்டியிலிருந்து வரும் கசிவும் பெரும்பாலும் குறைந்துவிடும்.

மாத்திரை கீமோ அநேகமாகக் கேப்பசிடபைனாக இருக்கும். காலையும் மாலையும் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மாத்திரைதானே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள், அதுவும் முழுக் கீமோதான். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியலாம். வெடிப்பு வரும் முன்னே சொல்லிவிட்டால் அளவைக் குறைத்துச் சமாளிக்கலாம். நெஞ்சுவலி வந்தாலோ, வழக்கத்தைவிட ஒரு நாளைக்கு நாலு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றுப்போக்கு இருந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே கூப்பிடுங்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிகச் சிலருக்கு இந்த மருந்தை உடைக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்கு வழக்கமான அளவே விஷமாகிவிடும். அந்த நொதியைப் பார்க்கும் டி.பி.டி. பரிசோதனை செய்ய முடியுமா என்று தொடங்கும் முன்னே கேளுங்கள். அப்பா இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவரானால் அதையும் சொல்லிவிடுங்கள், இரண்டும் ஒத்துப்போகாது. பின்னால் வரும் ஊசிகளில் ஆக்சாலிபிளாட்டின் இருந்தால், குளிர்ந்த பாத்திரத்தைத் தொட்டாலே விரலில் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நீடித்தால் அளவைக் குறைப்பார்கள்.

பை விஷயத்துக்கு வருகிறேன். கட்டி ஆசனவாய்த் தசைக்குள் போகவில்லையென்றால் குடலை மறுபடி இணைக்க முடியும். இணைத்த தையல் அவ்வளவு தாழ்வாக இருக்கும்போது, அது ஆறும்வரை மலம் அந்தப் பக்கம் போகாமலிருக்கச் சிறுகுடலை வயிற்றில் தற்காலிகமாக வெளியே எடுத்துவைப்பது வழக்கம். இரண்டு மூன்று மாதத்தில், சில சமயம் கொஞ்சம் தாமதமாக, அதை மூடிவிடலாம். தசையையே எடுக்க வேண்டிவந்தால் பை நிரந்தரம். எதுவானாலும், பை வைக்கும் இடத்தை ஆபரேஷனுக்கு முன்பே குறித்துவிட வேண்டும். அப்பாவை உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்து, இடுப்புக்கயிறு எங்கே வருகிறது, மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்த்து மை வைப்பார்கள். மேசையில் படுத்திருக்கும்போது அவசரத்தில் குறித்த இடம் எழுந்து உட்கார்ந்ததும் மடிப்புக்குள் போய்விடும். பை ஒட்டாது, கசியும். பலரும் பையைக் கண்டு மிரளுகிறார்கள், ஆனால் அது மூடிய பிறகு வரும் நாட்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மலத்தைச் சேர்த்துவைக்கும் தொட்டியே மலக்குடல்தான். அது போன பிறகு ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை ஓட வேண்டியிருக்கலாம், அடக்க முடியாமலும் போகலாம். ஒரு வருடத்துக்குள் பலருக்குக் கட்டுக்குள் வருகிறது, சிலருக்கு வருவதில்லை. பையே நிம்மதியாக இருந்தது என்று சொன்ன நோயாளிகளையும் எனக்குத் தெரியும்.

அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். ரேடியேஷன் பிரிவின் வாசலில் தினமும் உட்காரப்போகிறவருக்கு, பக்கத்தில் இருப்பவர் பேச்சுக்கொடுத்த முதல் நாளே தெரிந்துவிடும். அந்நியர் வாயால் கேட்பதைவிட மகள் வாயால் கேட்பது மேல். 'உங்களுக்கு என்னன்னு நினைக்கிறீங்கப்பா?' என்று தொடங்கிப் பாருங்கள். எட்டு மாதம் இரத்தம் பார்த்த மனிதர் ஏதாவது நினைத்துக்கொண்டுதான் இருப்பார். அவர் சொல்லும் இடத்திலிருந்து நீங்கள் தொடரலாம். எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொன்னால் போதும். ஆனால் பையா, கண்காணிப்பா என்ற முடிவுகள் அவர் உடம்பைப் பற்றியவை. கையெழுத்துப் போடப்போவதும் அவர்தான்.

அந்த எட்டு மாதத்துக்காக அவரையும் திட்டாதீர்கள், உங்களையும் நொந்துகொள்ளாதீர்கள். மூலமும் புற்றுநோயும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தே இருக்கலாம். இரத்தத்தின் நிறத்தை வைத்துப் பிரித்துவிட முடியாது. நான் பயிற்சியில் இருந்தபோது ஒருவருக்கு இதே மாதிரி களிம்பு எழுதிக் கொடுத்தேன். எங்கள் சீனியர் சீட்டைப் பார்த்துவிட்டு, "விரல் விட்டுப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. ஆளைத் திரும்பக் கூப்பிட்டு, கையுறை போட்டுப் பார்த்தபோது, விரல் நுனியில் மரக்கட்டை மாதிரி கெட்டியாக ஒரு விளிம்பு தட்டியது. அரை நிமிஷ வேலை. அப்பாவின் கட்டியும் 6 சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. விரலுக்கு எட்டும் உயரம்தான்.

கடைசியாக, நீங்கள். குடலில் பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சி தோன்றிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம்போல ஆகும். அதற்குள் கொலனோஸ்கோபியில் பார்த்து எடுத்துவிட்டால் புற்றே வராமல் தடுக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பு, எது முதலில் வருகிறதோ அப்போது தொடங்க வேண்டும். உங்களுக்கு அது 40. நடுவில் இரத்தம் போனாலோ காரணமில்லாமல் சோகை வந்தாலோ 40 வரை காத்திருக்கக் கூடாது. அப்பாவின் கூடப்பிறந்தவர்கள் அந்த வயதைத் தாண்டியிருந்தால் இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்; சித்தப்பாவும் அதில் அடக்கம்.

இதெல்லாம் எம்.எம்.ஆர். ரிப்போர்ட் சரியாக இருந்தால். திருத்தும் புரதம் இல்லை என்று வந்தால், அது பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்குறியா என்று அப்பாவுக்கு இரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டிவரும். அதுதான் என்று உறுதியானால் உங்களுக்கு அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்போது உங்கள் கொலனோஸ்கோபி 40-இல் அல்ல, இந்த வருடமே. பிறகு ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பெண் என்பதால் கருப்பையையும் கவனிக்க வேண்டியிருக்கும். அந்த ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள்.